பயனிலை எங்கே வரும்?

சாந்தோம் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ராஜநாயகம் மாஸ்டர் மாதர் கல்வியைப் பற்றிப் பேசினார். சும்மா பேசவில்லை, முழங்கினார். "பெண்களை அடுக்களைக்குள் பூட்டி வைத்திருக்கிறோம். அந்தச் சாவியை இன்றே கடலில் எறிவோம்" என்று அவர் கையை வீசியபோது, சாவி தங்கள் மேல் விழுந்துவிடுமோ என்பதுபோல் முன்வரிசைக்காரர்கள் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள். பங்குச் சுவாமியாரே எழுந்து நின்று கை தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ராஜநாயகத்தின் மனைவி வெரோனிகா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சாவியைக் கடல்ல எறிஞ்சுட்டா, அப்புறம் கதவை எப்படிங்க திறக்கறது?"

ராஜநாயகம் சிறிது தூரம் நடந்து பார்த்தார்.

"அது ஒரு அலங்காரம், வெரோனிகா."

"அலங்காரமா? சரி" என்றாள் அவள். வெரோனிகா அதிகம் பேசமாட்டாள். அதனால் அவள் அதிகம் யோசிப்பதில்லை என்று ராஜநாயகம் கல்யாணமான நாளிலிருந்து நம்பி வந்தார்.

அவர் ஒரு பையன்கள் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். கோட்டு, டர்பன், கையில் சாக்பீஸ் தூள். ஒரே ஒரு பாடத்தில் அவருக்கு ஊரெல்லாம் பெயர். இங்கிலீஷ் வாக்கியத்தில் எந்த வார்த்தை எங்கே நிற்க வேண்டும் என்கிற பாடம் அது. வருஷம் தவறாமல் அதை ஒரே மாதிரி நடத்துவார்.

"தமிழிலே ஒரு வார்த்தை தன் அடையாளத்தைத் தன்னோடேயே எடுத்துக்கொண்டு போகும். 'மனிதனை நாய் கடித்தது' என்று சொல்லு, 'நாய் மனிதனைக் கடித்தது' என்று சொல்லு, கடிபட்டவன் மனிதன்தான். அந்த 'ஐ' அவன் நெற்றியில் ஒட்டியிருக்கிறது. இங்கிலீஷில் அப்படி இல்லை. அங்கே நிற்கிற இடம்தான் மரியாதை. முன்னால் நிற்பவன் எழுவாய். நடுவில் பயனிலை. பின்னால் நிற்பவன் செயப்படுபொருள், அகப்பட்டதை வாங்கிக்கொள்பவன். நாயைப் பின்னால் கொண்டுபோய் வைத்தால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான். ஜாக்கிரதை."

பையன்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு வருஷா வருஷம் அதே இடத்தில் வரும்.

சொற்பொழிவு நடந்த அதே வாரத்தில் பக்கத்து வீட்டு கிளாடிஸ் வந்தாள். அவள் அடையாறில் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். வரும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"மாஸ்டர், நீங்க பேசினதை நான் மதர்கிட்டச் சொன்னேன். எங்க தையல் டீச்சர் வேலையை விட்டுட்டாங்க. வீட்டுக்காரருக்குத் திருச்சிக்கு மாத்தலாயிடுச்சாம். கிறிஸ்மஸுக்கு வெரோனிகா அக்கா பூவேலை செஞ்சு குடுத்த பீடத் துணியை மதர் கோயில்ல பார்த்திருக்காங்க. 'இந்தக் கை யாரோட கை?'ன்னு அப்பவே கேட்டாங்க. அக்காவைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

வெரோனிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. தலை நிமிரவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றாள் கிளாடிஸ். "மதர் ஐர்லாந்துக்காரங்க. தமிழ்ல 'ஸ்தோத்திரம்', 'தண்ணி', 'சும்மாயிரு' இதைத் தவிர ஒண்ணும் தெரியாது. அக்கா அவங்ககிட்டச் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியம் பேசினாப் போதும். நான் வேணும்னா சாயங்காலத்துல சொல்லிக் குடுக்கறேன்."

இரண்டு பெண்களும் ராஜநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் பேசிய பேச்சு இன்னும் ஆறவில்லை. வேண்டாம் என்று சொன்னால் நாளை மறுநாள் அது சுவாமியார் காதுக்குப் போகும். சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

"இங்கிலீஷ் வாத்தியார் பெண்டாட்டி அடுத்த வீட்டில் போய் இங்கிலீஷ் படிப்பதா?" என்றார் கடைசியில். "நானே சொல்லிக் கொடுக்கிறேன்."

கிளாடிஸ் சந்தோஷமாகப் போனாள். வெரோனிகா மறுபடியும் கீரையை எடுத்தாள். முற்றிய தண்டையெல்லாம் சட்டியிலும் இலையையெல்லாம் குப்பையிலும் போட்டுக்கொண்டிருந்தாள். ராஜநாயகம் அதைப் பார்த்தார். அவளுக்கு இந்த வேலை எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. அதனால் இன்னும் பயமாக இருந்தது.

அன்று மாலை அவர் கடற்கரையில் நடந்தபடி யோசித்தார். மனைவி சம்பாதிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற ஆள் இல்லை அவர். நினைத்தாலும் அப்படிப் பேச முடியாத இடத்தில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். விஷயம் வேறு. நாலரை மணிக்கு அவர் வாசலில் செருப்பை உதறினால் உள்ளே ஒரு பாத்திரம் நகரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவருக்குப் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி இருக்கும். குழந்தை குட்டி இல்லாத வீடு. அந்த ஒரு பாத்திரச் சத்தமும் போய்விட்டால்? இப்படியெல்லாம் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளவில்லை. அடையாறு பாலத்துக் காற்று வெரோனிகாவின் நெஞ்சுக்கு ஆகாது என்று மட்டும் சொல்லிக்கொண்டார். இத்தனைக்கும் வெரோனிகா சாந்தோமிலேயே பிறந்து, கடற்காற்றைக் குடித்தே வளர்ந்தவள். ஒரு தும்மல்கூடத் தும்மினதில்லை.

அலை வந்து காலை நனைத்தபோது யோசனை பிறந்தது. சொல்லிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்தாயிற்று. சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். வார்த்தை ஒவ்வொன்றும் சரியான வார்த்தையாகவே இருக்கட்டும். உச்சரிப்பும் சுத்தமாக இருக்கட்டும். நிற்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டால்? மதர் கேட்பார்கள், புன்னகை செய்வார்கள், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்பார்கள். யாரும் யாரையும் குறை சொல்ல இடமில்லை.

பாடம் மறுநாளே ஆரம்பமாயிற்று.

"ரொம்ப சுலபம், வெரோனிகா. முதல்லே யாரு. அப்புறம் எதை. கடைசியிலே என்ன பண்ணினான். 'த கேட் மில்க் டிரிங்க்ஸ்.' சொல்லு."

"த கேட் மில்க் டிரிங்க்ஸ். பூனை பால் குடிக்குது. அப்போ தமிழ் மாதிரியேதானா?"

"தமிழ் மாதிரியேதான்."

"பயனிலை கடைசியிலதான் வருமா?"

"கடைசியிலதான். வேற எங்கே வரும்?"

"அவ்வளவுதானா இங்கிலீஷு? இதுக்கா உங்க பசங்க இத்தனை பேர் ஃபெயிலாகறாங்க?"

"கவனம் போதாது" என்றார் ராஜநாயகம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, பாடத்தை ஒப்பித்தாள். 'ஐ ரைஸ் ஈட்.' 'த கேர்ல் த ஃபிளவர் ப்ளக்ஸ்.' ஒரு தப்பும் இல்லாமல் அத்தனை தப்பையும் சொன்னாள். இவ்வளவு கெட்டிக்கார மாணவன் தனக்கு இதுவரை வாய்த்ததில்லையே என்று ராஜநாயகத்துக்கு உள்ளூர வருத்தமாகக்கூட இருந்தது.

ஒரு சங்கடம் உடனே முளைத்தது. மாலையில் அவர் வீட்டுக் கூடத்தில் டியூஷன் நடக்கும். வெரோனிகாவுக்குப் பாடம் சொல்லிவிட்டு அவர் நிமிர்வதற்குள் பையன்கள் வந்து உட்கார்ந்து, "த கேட் டிரிங்க்ஸ் மில்க்" என்று கூரை பிய்ந்து போகிற மாதிரி கத்துவார்கள். அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் அரைச் சுவர்.

"இனிமே டியூஷன் கடற்கரையிலே" என்றார் அவர்.

"ஏங்க?"

"பசங்களுக்கு நல்ல காற்று வேணும்."

வெரோனிகா அவரை ஒரு கணம் பார்த்தாள். "நல்லதுதான். கழுத்துல துண்டைச் சுத்திக்கிட்டுப் போங்க. காத்து உங்களுக்குத்தான் ஆகாது" என்றாள்.

அப்படியே ஆயிற்று. கடல் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி ராஜநாயகத்துக்குத் தொண்டை கட்டியது. மணலில் உட்கார்ந்து கால்சட்டையெல்லாம் மண். வாக்கியத்தைப் பாதியில் காற்று பிடுங்கிக்கொண்டு போகும். பையன்களுக்கு எழுவாய் மட்டும் வந்து சேரும். அதை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதே வாக்கியத்தைத் தலைகீழாக்கிச் சொல்ல வேண்டும்.

இன்னொரு நாள் மீன்காரி தேசம்மா கூடையை இறக்கிவிட்டு வாசலில் நின்று பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா மாஸ்டரு, நம்ம பேசற மாறியே கீது இங்கிலீசு. இத்தினி நாளா இதுக்கா பயந்துகினு இருந்தேன்? அடையாத்துல தொரைசானி ஊட்டாண்ட மீனு வாங்கன்னு சொல்லணும். எப்டி சொல்றது?"

ராஜநாயகம் திகைத்தார். வெரோனிகா பொறுமையாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழி இல்லை.

"மேடம் ஃபிஷ் பை" என்றார் மெதுவாக.

"மேடம் பிஷ்ஷு பை" என்று தேசம்மா வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கூடையைத் தலையில் ஏற்றியபடி சொல்லிக்கொண்டே போனாள். சந்து திரும்பும்வரை அது கேட்டது. ராஜநாயகம் சிருஷ்டித்த மொழி இப்போது இரண்டு பேருக்குத் தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவதாக அந்த மொழி தொற்றியது அவரையே. பள்ளியில் ஒரு நாள் கரும்பலகையில், 'த ஃபார்மர் த ஃபீல்ட்' என்று எழுதி, அதற்கு மேல் கை போகாமல் நின்றுவிட்டார். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எது என்று தெரியவில்லை. உழவன் நிற்கிறான், வயல் நிற்கிறது, உழவுக்கு இடமில்லை. அவர் அதைத் துடைத்துவிட்டு, "இன்றைக்கு எல்லோரும் மௌனமாக வாசியுங்கள்" என்று உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் எந்த ஒரு பாடத்துக்காக அவருக்குப் பெயரோ, அந்தப் பாடத்தின் அடியிலேயே கரையான் புகுந்துவிட்டதோ என்று அன்றைக்கு முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்கியது. அந்த வாரம்தான் வெரோனிகா கேட்டாள்.

"எனக்கு ஒரு வாக்கியம் வேணும். 'என் புருஷன் பொய் சொல்ல மாட்டார்.' இதை எப்படிங்க சொல்றது?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"மதர் உங்களைப் பத்திக் கேட்டா?"

ராஜநாயகம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மை ஹஸ்பெண்ட்…" என்றார். நிறுத்தினார். "மை ஹஸ்பெண்ட் லைஸ் டெல்ஸ் நாட்."

"மை ஹஸ்பெண்ட் லைஸ் டெல்ஸ் நாட்" என்றாள் வெரோனிகா. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை சொன்னாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். முட்டி போட்டு, சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

"சொல்லும்" என்றார் சுவாமியார் மறைப்புக்கு அப்பாலிருந்து.

"பொய் சொன்னேன், சாமி."

"யாரிடம்?"

"என் மனைவியிடம்."

"எதைப் பற்றி?"

"பயனிலை நிற்கும் இடத்தைப் பற்றி."

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. இத்தனை வருஷமாக எத்தனையோ பாவங்களைக் கேட்டவர் அவர். இது பத்துக் கட்டளையில் எதை மீறினதாகும் என்று யோசித்திருக்க வேண்டும். ராஜநாயகம் குரலைத் தாழ்த்தி விவரம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது இலக்கணமாகத் தோன்றவில்லை. ஒரு மனுஷியை வீட்டுக்குள் நிறுத்திவைக்க நாலு வார்த்தையை இடம் மாற்றி அடுக்கினதாகத்தான் தோன்றியது. சுவாமியாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லும். அதைவிட முக்கியம், போய்ச் சரியாகச் சொல்லிக் கொடும்" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "மண்டபத்தில் நான் எழுந்து கை தட்டினேனே, மாஸ்டர்" என்றும் சொன்னார்.

மூன்று மந்திரத்தையும் ராஜநாயகம் அங்கேயே சொல்லி முடித்துவிட்டார். மற்றதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். என்னவென்று ஆரம்பிப்பது? 'இங்கிலீஷ் நேற்று மாறிவிட்டது' என்று சொல்ல முடியுமா? நாள் போய், மதரைப் பார்க்கப் போக வேண்டிய காலையும் வந்துவிட்டது.

வெரோனிகா வெள்ளைப் புடவை கட்டி, தலையைப் படிய வாரி, தான் பூவேலை செய்த ஒரு கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். இருவரும் அடையாறு பஸ் ஏறினார்கள். யுத்த காலத்துக் கரி பஸ். பின்பக்கம் ஒரு பெரிய உருளை அடுப்பைச் சுமந்துகொண்டு புகைந்து புகைந்து ஊர்ந்தது. பாலத்து ஏற்றத்தில் மூச்சு முட்டி நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிப் போய் அடுப்பைக் கிளறினார்.

இதைவிட்டால் வேறு சமயம் இல்லை என்று ராஜநாயகத்துக்குப் பட்டது.

"வெரோனிகா, ஒரு சின்னத் திருத்தம்."

"என்னங்க?"

"அந்தப் பயனிலை இருக்கே. அதைக் கடைசியிலே போட வேண்டாம். நடுவிலே போட்டுடு."

"எந்த வாக்கியத்துல?"

"எல்லா வாக்கியத்திலும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பரீட்சை வாசல்ல வந்து நின்னுக்கிட்டுப் பாடத்தை மாத்தறீங்களே. நான் குழம்பிடுவேன். நீங்க சொல்லிக் குடுத்தது சொல்லிக் குடுத்ததாவே இருக்கட்டும்."

"இல்லை, நான் சொல்லிக் கொடுத்ததிலே ஒரு பிசகு…"

"உங்களுக்குப் பிசகுமா? இத்தனை வருஷமா இதைத்தானே நடத்தறீங்க."

முன் ஸீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ராஜநாயகம் குரலைத் தணித்து, "வெரோனிகா, கேளு, பூனை, குடிக்கிறது, பால்" என்று கிசுகிசுத்தார். அடுப்பு பற்றிக்கொண்டது. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. வெரோனிகா ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ராஜநாயகத்துக்கு நடக்கப்போவது கண்முன் நின்றது. அவள் அந்த மதர் முன்னால் நின்று, அவர் மேல் வைத்த நம்பிக்கையில் வாயைத் திறந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் குப்புறத் தள்ளப் போகிறாள். மதர் சிரிக்காமல் இருக்கப் பாடுபடுவார்கள். அந்த முகத்தை அவள் பார்ப்பாள். வேலை கிடைக்காமல் போவது பெரிதில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அவள் தன்னோடு இதே பஸ்ஸில் திரும்பி வர வேண்டுமே என்பதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கடற்கரையில் யோசனை பிறந்தபோது இந்த ஒரு காட்சி அவர் கண்ணில் படவேயில்லை.

மடத்தின் வரவேற்பு அறையில் மேஜைக்கு அப்பால் மதர் உட்கார்ந்திருந்தார்கள். சிவந்த முகம், மூக்கு நுனியில் கண்ணாடி. ராஜநாயகத்துக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி காட்டினார்கள். வெரோனிகா கைக்குட்டையை மேஜைமேல் விரித்தாள். மதர் அதைத் தடவிப் பார்த்து, பீடத் துணியைச் செய்தது யார் என்று இங்கிலீஷில் கேட்டார்கள்.

ராஜநாயகம் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐ பாட் த கிளாத், மதர். ஐ மேட் த ஃபிளவர்ஸ்" என்றாள் வெரோனிகா.

ராஜநாயகம் கண்ணைத் திறந்தார்.

சிறு பெண்களுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பாய் என்று மதர் கேட்டார்கள். வெரோனிகா சற்று நிதானித்து, வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"ஐ வில் கிவ் தெம் ஓல்ட் கிளாத் ஃபர்ஸ்ட். தே வில் ஸ்பாயில் இட். தென் தே வில் லெர்ன்."

மதர் சிரித்துவிட்டார்கள். சந்தோஷச் சிரிப்பு. இவ்வளவு தெளிவாக யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள்.

"மை ஹஸ்பெண்ட் டீச்சஸ் இங்கிலீஷ், மதர். ஐ லிஸன்."

மதர் சுவர்ப் பக்கம் திரும்பினார்கள். இப்படி ஒரு கணவன் எல்லாப் பெண்ணுக்கும் கிடைப்பதில்லை என்றார்கள். தினமும் பாடம் நடத்தினீர்களா என்று அன்பாக விசாரித்தார்கள். ராஜநாயகம் எழுந்து நின்றார். டர்பனைச் சரிசெய்தார். இத்தனை வருஷ அனுபவத்தையும் திரட்டி வாயைத் திறந்தார்.

"எஸ், மதர். ஐ ஹெர் எவ்ரி ஈவினிங் டாட்."

மதர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

"ஹி டாட் மி எவ்ரி ஈவினிங், மதர்" என்று வெரோனிகா மெதுவாகத் திருத்தினாள்.

மதர் தலையை ஆட்டினார்கள். குரலில் இரக்கம் கனிந்திருந்தது. கவலைப்பட வேண்டாம், உங்கள் மனைவி தினம் கொஞ்ச நேரம் உங்களோடு பேசிவந்தால் உங்களுக்கும் நன்றாக வந்துவிடும் என்று இங்கிலீஷில் ஆறுதல் சொன்னார்கள். தையலோடு கூட, முதல் வகுப்புக் குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களும் சொல்லித்தர முடியுமா என்று வெரோனிகாவைக் கேட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

திரும்பும்போது பஸ்ஸுக்கு நிற்கவில்லை. பாலத்தில் நடந்தே வந்தார்கள். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் யாரோ வலை வீசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாலம் தாண்டியதும் ராஜநாயகம் கேட்டார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"முதல் நாளே தெரியும்."

"எப்படி?"

"ஒன்பது வருஷமா நம்ம கூடத்துல டியூஷன் நடக்குது. நான் அடுக்களையில இருந்தேன். காதை எங்கே வெச்சிருந்தேன்னு நினைச்சீங்க? 'நிற்கிற இடம்தான் மரியாதை', மனுஷன் நாயைக் கடிக்கிறது, எல்லாம் எனக்குப் பாடம். வார்த்தைதான் போதலை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நீங்க ஆண்கள் சபைக் கூட்டத்துக்குப் போவீங்க இல்லே, அப்போ கிளாடிஸ் கோயில் முற்றத்துல வெச்சு வார்த்தை சொல்லிக் குடுத்தா. வரிசை உங்களுது."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

வெரோனிகா கைப்பிடிச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. கேட்டுடலாம்னு இருந்தேன். அப்புறம் யோசிச்சேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்க தினமும் என் பக்கத்துல உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் பேசினது இதுதான் முதல் தடவை. தப்பாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. ஆனா உட்கார்ந்து சொல்லிக் குடுத்தீங்க. அதை நிறுத்த மனசு வரலை. அதோட, நீங்க எப்போ மாறுவீங்கன்னும் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"மாறினேனே, பஸ்ஸிலே."

"மாறினீங்க. அதுக்குத்தான் பேசாம உங்களோட நடந்து வர்றேன். இல்லேன்னா கிளாடிஸ் வீட்டுக்குப் போயிருப்பேன்."

அவள் சிரிக்காமல் சொன்னாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் தம் குடையை விரித்து அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவளும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாலை நாலரை மணிக்கு ராஜநாயகம் வாசலில் செருப்பை உதறினார். உள்ளே எதுவும் நகரவில்லை. கதவைத் தாமே திறந்துகொண்டு போய்க் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். டியூஷன் பையன்கள் வர இன்னும் நேரம் இருந்தது. கடிகாரம் ஓடியது. கொல்லையில் ஒரு காக்கை கத்திவிட்டுப் போயிற்று. அப்புறம் கடல் கேட்டது. இந்த வீட்டில் கடல் இவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. அவர் இருக்கும்போதெல்லாம் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள், பெரும்பாலும் அவர்தான். தாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரமெல்லாம் அவள் இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள் என்று தோன்றியது. ஒரு மணி நேரத்துக்கே அவருக்கு எழுந்து எங்காவது போகலாம் போலிருந்தது.

வெரோனிகா வந்தபோது அவருக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அவள் செருப்பை விட்டுவிட்டு, நேரே வந்து எதிர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். புடவையெல்லாம் நூல். ஒரு விரலில் ஊசி குத்தின இடத்தில் துணி சுற்றியிருந்தது.

"முதல் வகுப்புல முப்பது பேர்" என்றாள். "ஒண்ணுக்கும் வாக்கியம் நேரா வரலை. எல்லாம் நம்ம வீட்டுப் பாடம் மாதிரியே பேசுது."

ராஜநாயகம் சிரித்தார். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. காபி நேரமும் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்து, கவனமாக, ஒவ்வொரு வார்த்தையையும் அதனதன் இடத்தில் நிறுத்திச் சொன்னார்.

"வெரோனிகா மேக்ஸ் காபி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை. முதல் வகுப்புப் பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"பயனிலை நடுவுல வந்துடுச்சு. செயப்படுபொருள் கடைசியில. வரிசை ரொம்ப சரி."

"பின்னே என்ன தப்பு?"

"எழுவாய்."

"எழுவாய்க்கு என்ன?"

வெரோனிகா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். காலை நீட்டி வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"எழுவாய்" என்றாள் மறுபடியும்.

ராஜநாயகம் எழுந்தார்.